பெண்களின் உழைப்பும் உடல்நலமும்: கூட்டுறவு காட்டும் வழி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் தொழுகையைப் பற்றியும், பிள்ளைகளின் மார்க்கக் கல்வியைப் பற்றியும் பேசி வந்திருக்கிறேன். இவ்வாண்டு நம் வீட்டுப் பெண்களின் உழைப்பைப் பற்றியும் அவர்களுடைய உடல்நலத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். இமாமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு இதில் வேலை மட்டுமல்ல, ஒரு கடனும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் தவறிய இடம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி கணவரை இழந்தார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள். இத்தாவில் இருந்தபோது அவர் என்னிடம் ஆளனுப்பிக் கேட்டார்: “ஹஜரத், காலையில் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வரலாமா? அக்கம்பக்கத்தில் குறை சொல்கிறார்கள்.” நான் ஆராயவில்லை. “வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள்” என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். அனுப்புவதற்கு அவருக்கு யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டு வாசலுக்கே வந்து பால் எடுக்கும் ஒரு வியாபாரி முன்பணம் கொடுத்தார். கணவரின் மருத்துவச் செலவுக்கு வாங்கியிருந்த கடனை அதைக் கொண்டு அடைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாலுக்கு வியாபாரி சொன்னதே அளவு, அவர் சொன்னதே விலை. முன்பணம் தீரும்வரை வேறிடத்தில் ஊற்றவும் முடியாது. வருமானம் குறையக் குறைய அந்தத் தாய் தம் தட்டில் உள்ளதைக் குறைத்துக்கொண்டார். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டே மாதங்களைக் கடத்தினார். ஒருநாள் மாட்டுக் கொட்டகையிலேயே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 6 தான் இருந்தது. இரத்தம் ஏற்றினார்கள், அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தார். அந்த நாட்களில் ஒரு மாட்டை விற்க வேண்டியதாயிற்று.

சகோதரர்களே! நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்களுடைய சிற்றன்னையின் செய்தியை நான் மதரஸாவில் ஓதியவன், மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன். தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்த அந்த அம்மையார் தம் பேரீச்ச மரங்களின் கனிகளைப் பறிக்க வெளியே போக விரும்பினார். ஒருவர் அதட்டித் தடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடமே வந்து முறையிட்டார். பெருமானார் அவருக்கு அனுமதி அளித்தார்கள். அந்தக் கனிகளால் அவர் தர்மமும் நன்மையும் செய்யக்கூடும் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற ஹதீஸ் இது. கணவனை இழந்த பெண் தம் வாழ்வாதாரத்துக்காகப் பகலில் வெளியே சென்று வரலாம் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்களிலும் தெளிவாகவே இருக்கிறது. ஏடுகளில் இருந்த சட்டம் தேவையான நேரத்தில் என் நாவுக்கு வரவில்லை. அந்தச் சகோதரியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவருடைய சம்மதத்தோடும், அவருடைய பெயரைச் சொல்லாமலும்தான் இதை இங்கே கூறுகிறேன்.

உழைப்பவர் ஒருவர், பெயர் வேறொருவர்

நம் வட்டாரம் ஏரியையும் குளத்தையும் வானத்தையும் நம்பிய பூமி. மழை பொய்த்த ஆண்டில் வயல் கைவிட்டாலும் கறவை மாடு கைவிடுவதில்லை. அந்த மாட்டுக்குப் புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது, சாணம் அள்ளுவது, பால் கறப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு ஆகியவற்றிலும் அவர்களுடைய கைதான் முன்னே நிற்கிறது. ஆனால் பட்டா யார் பெயரில்? பால் ஊற்றும் அட்டை யார் பெயரில்? 2015-16 ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலுள்ள சாகுபடி நில உடைமைகளில் பெண்களின் பொறுப்பில் இருந்தவை ஏறத்தாழ நூற்றுக்கு 14 மட்டுமே.

ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்னும் கருத்தை நிஸா அத்தியாயத்தின் 32 ஆம் வசனம் தெளிவாக்குகிறது. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உடைமை. அவர் மனமுவந்து கொடுத்தால் ஒழிய கணவனுக்கு அதில் உரிமையில்லை. நம் மார்க்கம் பெண்ணுக்கு வழங்கிய இந்த ஹக்கை நம் பழக்கவழக்கம் பறித்துவிடக் கூடாது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், தம் கணவரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நம் மாவட்டம் கண்ட பாடம்

பெண்கள் ஒன்றுசேர்ந்து தொழிலை நடத்துவது நமக்குப் புதிதன்று. 1991-92 இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்ததை அவர் தனியே குறிப்பிட்டார். அதே காலத்தில், ஷீலாராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, ஒப்பந்ததாரர்களின் கையிலிருந்த கல் குவாரிகள் அங்கே கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. நேற்றுவரை கூலிக்கும் கடனுக்கும் கட்டுண்டு கிடந்தவர்கள் கணக்கு எழுதினார்கள். சுமை வண்டிக்கு விலை பேசினார்கள்.

ஆனால் ஆதரவான நிர்வாகம் மாறிய பின்னர் அந்த ஏற்பாடு தளர்ந்தது. ஒப்பந்ததாரர்களின் கை மீண்டும் ஓங்கியது. இதில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது. ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு அவருடைய மாற்றல் உத்தரவோடு முடிந்துவிடும். உறுப்பினர், பங்குத்தொகை, தேர்தல், தணிக்கை என்று சட்டப்படி வேரூன்றிய சங்கம் ஆட்கள் மாறினாலும் நிற்கும்.

கூட்டுறவின் அடிப்படை எளியது. ஒருவர் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். இலாபம் வந்தால் அது உறுப்பினர்களுடையது. பால் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் சோதித்து விலை போடுகிறார்கள்; வாசலுக்கு வருபவர் கண்ணால் பார்த்துப் போடும் விலை அங்கே இல்லை. தமிழ்நாட்டில் பெண்களே உறுப்பினராகவும் நிர்வாகிகளாகவும் இருந்து நடத்தும் மகளிர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல ஊர்களில் உண்டு.

மாட்டுக்கு உண்டு, மனிதருக்கு இல்லையா?

உடல்நலத்துக்கும் கூட்டுறவுக்கும் என்ன தொடர்பு என்பதற்குக் குஜராத்தின் கேடா மாவட்டம் நல்ல சான்று. அங்கே பால் வியாபாரத்தை ஒரு தனியார் நிறுவனம் தன் பிடிக்குள் வைத்திருந்ததை எதிர்த்து விவசாயிகள் 1946 இல் தொடங்கிய கூட்டுறவே பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்றது. அதன் தலைவராக இருந்தவர் திரிபுவன்தாஸ் படேல். 1970களின் தொடக்கத்தில் அவர் பதவியிலிருந்து விலகியபோது, கிராமச் சங்கங்களின் உறுப்பினர்கள் தலைக்கு ஒரு ரூபாய் வீதம் சேர்த்து ஆறு லட்சம் ரூபாயை அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார்கள். அவர் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. அந்தப் பணத்தை முதலாக வைத்து, கிராமத்துத் தாய்மார்களின், குழந்தைகளின் உடல்நலத்துக்காகத் திரிபுவன்தாஸ் அறக்கட்டளையை நிறுவினார்.

அதன் வேலைமுறை கவனிக்கத்தக்கது. பால் சங்கம் ஏற்கெனவே ஊர் ஊராக இருந்தது. நாள் தவறாமல் மக்கள் கூடும் இடம் அது. மாட்டுக்கு நோய் வந்தால் மருத்துவர் வருவதற்கும், சினை மாட்டுக்குத் தனித் தீவனம் கிடைப்பதற்கும் அங்கே வழி இருந்தது. அதே வீட்டில் கருவுற்றிருந்த பெண்ணைக் கவனிக்க அத்தகைய ஏற்பாடு இல்லை. இந்தக் குறையை நீக்க, அந்தச் சங்கத்தின் துணையைக் கொண்டே ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளரை அமர்த்தினார்கள். புதுக் கட்டடம் வேண்டியதில்லை, புது நிர்வாகம் வேண்டியதில்லை. பால் வண்டி போகிற பாதையிலேயே மருந்தும் போயிற்று.

அதே குஜராத்தில் இலா பட் அம்மையார் 1972 இல் ‘சேவா’ என்னும் சங்கத்தை நிறுவினார். 1974 இல் 4,000 ஏழைப் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினார்கள். தவணை தவறியவர்கள் ஏன் தவறினார்கள் என்று விசாரித்தபோது, சோம்பலோ ஏமாற்றோ அல்ல, நோயும் பிரசவ காலத் துன்பங்களுமே பெரிய காரணங்களாக இருந்தது தெரியவந்தது. ஆகவே சேமிப்போடு மருத்துவத்தையும் பேறுகாலப் பாதுகாப்பையும் இணைத்தார்கள். ஏழை வீட்டில் நோயும் கடனும் ஒன்றையொன்று இழுத்து வரும். ஒன்றைத் தடுக்காமல் மற்றொன்றைத் தடுக்க முடியாது.

மலப்புரத்து மகளிர்

நம் சமுதாயத்தினர் பெரும்பான்மையாக வாழும் ஓர் ஊரை வைத்துச் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேரளத்தின் மலப்புரத்தைச் சொல்கிறேன். குடும்பஸ்ரீ என்னும் மகளிர் இயக்கம் 1998 மே 17 அன்று அங்கேதான் அன்றைய பிரதமர் வாஜ்பாயி அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஆலப்புழையிலும் மலப்புரத்திலும் தாய் சேய் ஊட்டச்சத்தை மையமாக வைத்துப் பெண்கள் குழுக்களாக இயங்கிவந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்தே குடும்பஸ்ரீ வளர்ந்தது. அதாவது, உடல்நலத்தில் தொடங்கிப் பொருளாதாரத்துக்கு வந்தார்கள்.

அக்கம்பக்கத்துப் பத்து முதல் இருபது வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒரு பெண் சேர்வது அயல்கூட்டம். அதற்குள் நான்கு முதல் பத்துப் பெண்கள் சேர்ந்து, தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல், வாழை, காய்கறி பயிரிடுகிறார்கள். தனக்கென நிலம் இல்லாத பெண்ணும் அங்கே விவசாயி ஆகிறார். விளைந்ததில் ஒரு பகுதி முதலில் அவரவர் அடுப்புக்குப் போகிறது. மலப்புரத்து முஸ்லிம் பெண்களும் இதில் திரளாகப் பங்கு பெற்றிருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய ஹயாவும் தொழுகையும் குறைந்துவிட்டதாக எவரும் சொல்ல இயலாது.

வட்டி பற்றிய கேள்வி

இனி, உங்களில் பலருடைய மனத்தில் நிற்கும் கேள்விக்கு வருகிறேன். சங்கம் என்றால் கடன், கடன் என்றால் வட்டி. இமாமே இதைத் தூண்டலாமா? வட்டி ஹராம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பால் சங்கத்தில் உறுப்பினராவதற்கும் பால் ஊற்றுவதற்கும் கடன் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பங்குத்தொகை செலுத்துவது கூட்டு வாணிபத்தின் வகையைச் சார்ந்தது. பாலை விற்பது வியாபாரம். நிலத்தைப் பொறுத்தவரை, கைபர் நிலங்களை விளைச்சலில் பாதி என்னும் உடன்பாட்டில் நபி (ஸல்) அவர்கள் சாகுபடிக்கு விட்டார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உறுதியான செய்தி. பங்கு வாரச் சாகுபடிக்கு நமக்கு முன்மாதிரி இருக்கிறது. அங்கே வட்டிக்கு இடமில்லை.

மாடு வாங்க முதல் வேண்டுமே என்றால், அந்த இடத்தில்தான் ஜமாஅத் வர வேண்டும். வட்டி கூடாது என்று மிம்பரில் சொல்லிவிட்டு, வட்டியில்லாத வழியைத் திறக்காமல் இருந்தால் நாம் அந்த ஏழைப் பெண்ணை முன்பண வியாபாரியின் வாசலுக்கே அனுப்பிவைக்கிறோம். ஒரு மாட்டின் விலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பைத்துல்மாலிலிருந்து கர்ழ் ஹஸனாவாக, அழகிய கடனாக, அதைக் கொடுத்து, பால் பணத்திலிருந்து வாரம் 500 ரூபாய் வீதம் திரும்பப் பெற்றால் நூறு வாரத்தில் கடன் தீரும். பணம் திரும்பி வந்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஸகாத் பெறத் தகுதியுள்ள விதவைக்கு மாட்டையே உடைமையாக்கிக் கொடுத்துவிடலாம். தம்லீக் என்னும் நிபந்தனை அதில் நிறைவேறிவிடும். மாவட்ட அளவில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்துக்கு நாம் திரட்டிக் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாக அரசின் இணை மானியமும் உண்டு. அதையும் கேட்டுப் பெற வேண்டும்.

உணவும் மருந்தும்

தாய்மார்களே! 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். இந்தப் பள்ளியின் திரைக்கு அப்பால் இருப்பவர்களில் பாதிப் பேர் என்று எண்ணிப் பாருங்கள். களைப்பும் மூச்சிரைப்பும் வயதின் குறையல்ல. சோதித்துப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கான சோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். அந்த மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புச் சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். சங்கத்தில் நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காகக் கறந்த பால் முழுவதையும் ஊற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கறுப்புத் தேநீர் கொடுக்கும் வீடுகள் உண்டு. வருமானம் கூடி ஆரோக்கியம் குறைந்தால் அது பரக்கத் ஆகாது. முதல் உழக்குப் பால் வீட்டுக்கு, மிச்சம் சங்கத்துக்கு என்பது வழக்கமாக வேண்டும். கொல்லையில் ஒரு முருங்கை, நாலு பாத்தி கீரை, வயலோரத்தில் கம்பும் கேழ்வரகும் இருக்கட்டும். பூச்சிமருந்து அடித்த வயலில் அன்றே களையெடுக்கப் போகாதீர்கள். போக மறுத்தால் கூலி போய்விடும் என்று தனியொருத்தி அஞ்சலாம், பத்துப் பேர் ஒரு குழுவாக மறுத்தால் நிலக்காரர் கேட்பார். கூட்டாக இருப்பதன் பலன் பணத்தில் மட்டும் இல்லை.

ஜமாஅத்துக்கு என் கோரிக்கைகள்

முதலாவது, மாடு வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் சங்க உறுப்பினர் அட்டையும் வங்கிக் கணக்கும் கறப்பவர் பெயரிலேயே இருக்கட்டும். கணவன்மார்களே, இதில் உங்கள் கண்ணியம் குறைந்துவிடாது.

இரண்டாவது, பைத்துல்மாலில் கறவை மாட்டுக்கென வட்டியில்லாக் கடன் நிதியொன்றைத் தனிக்கணக்காகத் தொடங்க வேண்டும். அதன் வரவு செலவை ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் அச்சிட வேண்டும். அமானத் என்றால் கணக்குக் காட்டுவதே.

மூன்றாவது, கேடா மாவட்டத்தாரைப் பார்த்து, நாமும் லிட்டருக்கு 25 காசு என்று உறுப்பினர்களின் சம்மதத்தோடு ஒரு மருத்துவ நிதி சேர்க்கலாம். 25 பெண்கள் ஆளுக்கு நான்கு லிட்டர் ஊற்றினால் நாளொன்றுக்கு 100 லிட்டர், 25 ரூபாய். ஆண்டுக்கு 9,125 ரூபாய். மருத்துவமனைக்குப் போகிற அவசர வண்டிச் செலவுக்காவது அது உதவும். மஹல்லாவினர் மட்டுமன்றி, சங்கத்தில் பால் ஊற்றும் எந்தச் சமயத்துப் பெண்ணுக்கும் அது பயன்பட வேண்டும். நம் ஊரில் மாடும் மழையும் எல்லோருக்கும் பொது.

நான்காவது, மாதம் ஒருமுறை பெண்கள் கூடிப் பேச மதரஸாக் கூடத்தை ஒதுக்கித் தர வேண்டும். இசைக் கல்வெட்டால் உலகறிந்த நம் குடுமியான்மலையில் அண்ணா பண்ணை இருக்கிறது. 2014 இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. அவற்றிலிருந்து வல்லுநர்களை அழைத்து அந்தக் கூடத்தில் பயிற்சி கொடுக்கச் சொல்லலாம். ஊர் ஊராகத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நமக்கு அது காலடியில் கிடக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபை 2025 ஐக் கூட்டுறவு ஆண்டாகவும், 2026 ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாகவும் அறிவித்தது. உலகம் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும், நம் வீட்டுப் பெண்ணின் கை ஓயாமல் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கைக்கு உரியது அந்தக் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் முதலில் சொன்ன சகோதரி இப்போது நலமாக இருக்கிறார். முன்பணத்தை ஜமாஅத்தாரில் மூவர் சேர்ந்து அடைத்துவிட்டார்கள். அவர் தம் பெயரிலேயே பால் ஊற்றுகிறார். விற்ற மாட்டுக்குப் பதிலாக ஒரு கிடாரி வாங்கியிருக்கிறார். சென்ற ரமலானில் அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்குப் பால் நோன்புக் கஞ்சிக்கு வந்தது. ஜாபிர் (ரலி) அவர்களின் சிற்றன்னையைப் பற்றி, அவர் தர்மம் செய்யக்கூடும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது. அந்தத் தூக்கை வாங்கி வைக்கையில் என் கண் கலங்கிற்று.

நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் தாய்மார்களுக்கு ஆஃபியத்தான நீண்ட ஆயுளையும், நமக்கு அவர்களுடைய ஹக்கை நிறைவேற்றும் மனத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.